எந்தக் காது

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பனிக்காலம், கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் வந்து இருந்தான். அவனுடைய ஒரு காது கசங்கி, காளான் மாதிரித் தடித்திருந்தது. றக்பி விளையாடுகிறவர்களுக்கு அப்படி ஆகும். என் மூத்த அண்ணனுக்கும் அப்படித்தான்.

அண்ணன் இலங்கைக்காக இந்தியா வரை போய் றக்பி விளையாடியவன். எங்கள் ஊரில் வேறு யார் போனார்கள்? லீவில் வந்தால் அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்தக் காதில் தடவுவார். அறை முழுக்க எண்ணெயும் வேர்வையும் மணக்கும்.

"உந்தக் காதுக்கு ஆரடா பொம்பிளை தருவினம்?"

"மற்றப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு தாலி கட்டுறன், அம்மா."

இரண்டாவது உலகச் சண்டை வந்ததும் அவன் வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்தான். கூட விளையாடியவர்களும் சேர்ந்தார்கள். அவர்களில் சிலருக்கும் அதே மாதிரிக் காதுதான். அவர்கள் நின்ற திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்டான். அண்ணனின் உடலை எடுக்க அப்பா போய், ஆணி அடித்த பெட்டியோடு லொறியில் திரும்பி வந்தார்.

"முகம் எரிஞ்சு போச்சு. காதை வைச்சுத்தான் அடையாளம் காட்டினனான்," என்றார்.

"எந்தக் காது?" என்று அம்மா கேட்டார்.

அப்பாவின் கை தன் வலது காதுக்குப் போனது, பிறகு இடது காதுக்குப் போனது.

அம்மா அழவில்லை. பெட்டியைத் தொடவும் இல்லை. செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் சாப்பாட்டையும் அவர் சமைக்க மாட்டார் என்றே நினைத்தோம். ஆனால் அன்று விடியவே தலை தோய்ந்துவிட்டு வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி மீனும் இறைச்சியும் ஆக்கி, இலை நிறையப் படைத்தார்.

"ஆரின்ர பிள்ளையோ தெரியாது," என்றார். "பசியோட போகக் கூடாது."