அந்தக் கேப்டன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை அரைத்து ஃப்ரேமில் பொருத்துகிறவள் அவள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் மிளகாய். அந்த வாரம் மிளகாயின் பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை. எல்லாம் ஒரு விண்வெளித் தொடரால் வந்த வினை.

அந்தத் தொடரைத் தனியாகப் பார்ப்பது அவர்கள் வீட்டில் குற்றம். பஸ் ஓட்டுகிற கணவருக்கு லீவு கிடைக்கிற மத்தியானத்தில், இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். அதில் வரும் விண்கப்பலின் பைலட் என்றால் அவருக்கு உயிர். பைலட் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால், "டேய், ஆளுங்க இருக்காங்கடா உள்ள!" என்று டிவியைப் பார்த்தே கத்துவார்.

இந்தத் தடவை கதை எழுதுகிறவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது. பைலட்டுக்குப் பார்வை மங்குகிறது. யாரிடமும் மூச்சு விடாமல், கைப்பழக்கத்திலேயே கப்பலை ஓட்டுகிறான். கேப்டனம்மா அதைக் கண்டுபிடித்தும், பழைய சிநேகிதனாயிற்றே என்று வாயை மூடிக்கொள்கிறாள். குழந்தை குட்டிகளோடு ஒரு ஊர் ஜனமே அந்தக் கப்பலில் இருக்கிறது.

"இவளெல்லாம் ஒரு கேப்டனா? கண்ணு தெரியாதவன் கையில கப்பலக் குடுத்துட்டு என்னமா சிரிக்கிறா பாருங்க!" புது எபிசோட் முடிவதற்குள் அவள் தலையணையைத் தூக்கி டிவி மேல் எறிந்துவிட்டாள்.

எப்போதும் அவளைவிடச் சத்தமாகக் கத்துகிறவர் அன்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "சொன்னா ஓட்ட விடுவாங்களா? அவனுக்கு வேற என்ன தெரியும்?" என்றார்.

"தெரியலன்னா போய்ப் பாத்திரம் கழுவட்டும்!"

"இப்ப என்ன ஆயிப்போச்சு? எதிரிங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாதே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொடரில் எதிரிகள் தங்கள் சொந்தப் பாஷையில்தான் பேசுவார்கள். அர்த்தம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். சற்று முன்புதான் எதிரித் தலைவன், பைலட் குருடன் என்று தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தான்.

"தெரியாதா? கீழ கொட்டை எழுத்துல போட்டானே! தூங்கிட்டீங்களா?"

"கவனிக்கலடி."

அவள் ரிமோட்டைப் பிடுங்கி அந்தக் காட்சிக்குத் திருப்பி நிறுத்தினாள். எதிரித் தலைவன் வாயைப் பிளந்தபடி நின்றான். அவன் காலடியில் வெள்ளை எழுத்துகள்.

"படிங்க."

"என்ன விளையாட்டு இது?"

"படிங்கன்னு சொல்றேன்ல!"

அவர் முன்னால் சாய்ந்தார், கண்ணை இடுக்கினார். பிறகு, "கப்பலத் தாக்குங்கன்னு சொல்றான்" என்றார். அப்படி ஒரு சொல்கூட அங்கே இல்லை.

"ஏங்க, எத்தன நாளா?" என்று கேட்டாள் அவள்.

டாக்டரிடம் போய் வந்தாராம். கண்ணாடி போட்டாலும் பிரயோஜனம் இல்லையாம், உள்ளே நரம்பு கெட்டுவிட்டதாம். "வண்டி, ஆளு எல்லாம் தெரியுது. எழுத்துதான் கொஞ்சம் கலங்குது" என்றார்.

"டிப்போவுல கண்ணு டெஸ்ட் வெச்சாங்களே. அதுல எப்படிப் பாஸானீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க கடையில தொங்குற அதே எழுத்து அட்டைதான் அங்கயும். உன்னக் கூட்டிட்டுப் போக வரும்போதெல்லாம் கிட்டப் போய் நின்னு மனப்பாடம் பண்ணிட்டேன்."

சாயங்காலம் ஆனால் கடைக்கு வந்துவிடுவார். அவள் மெஷினைத் துடைத்து மூடும்வரை அந்த அட்டைப் பக்கமே உலாத்திக்கொண்டிருப்பார். 'உன் வீட்டுக்காரருக்கு உன்னப் பார்க்காம இருக்க முடியலடி' என்று கடைப்பெண்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் பூரித்துப்போய் நின்றிருக்கிறாள். அதை நினைத்தபோது அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"ஊரு பூரா கண்ணாடி மாட்டி விடுறவ நான். என்கிட்டயே நாடகமாடியிருக்கீங்க. ஸ்கூல் பிள்ளைங்க ஏறுற வண்டிங்க அது!"

"இன்னும் கொஞ்ச நாள்தான், பார்த்து ஓட்டிக்கறேன். நீ யார்கிட்டயும் சொல்லாத. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவருக்குத் தெரிந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். அதுவும் போனால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஆத்திரமும் வந்தது. தலையாட்டிவிட்டால் போதும், ராத்திரி இருவரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். அந்தக் கேப்டனம்மாவும் இப்படித்தான் யோசித்திருப்பாள்.

அவருடைய போனை அவளே எடுத்து டிப்போ மேனேஜர் நம்பரைத் தேடி அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"வேணாம்டி."

"ஹலோ?" என்றது போன். அவர் அவளையே பார்த்தார். அவள் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ, தெரியாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சார்," என்றார் அவர். "நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளப் போடுங்க சார். எனக்குக் கண்ணு தெரியல."