டவுன் பஸ்ஸுக்குக் கண்ணீர் அஞ்சலி

நாங்கள் மூன்று பேரும் ரசிகர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். எங்களைப் போன்ற ரசிகர்கள் எதிரிக்கும் வாய்க்க வேண்டாம்.

ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்த சித்திரக்கதை அது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் டவுன் பஸ், அதில் ஒரு கண்டக்டர், அவ்வளவுதான் கதை. வரைந்தவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர். ஆரம்ப வருடங்களில் அந்தப் பஸ்ஸில் அவர் ஏற்றாத ஆளில்லை. மீன் கூடையை ஏற்றாதே என்று கண்டக்டர் கத்துவான். கூடைக்காரம்மா அவன் கால் மேலேயே கூடையை இறக்குவாள். பின்படியில் தொங்குகிறவனின் செருப்பு வார் அறுந்திருப்பதுகூடத் தெரியும். பத்தாவது படிக்கும்போதே, அந்தப் பக்கத்தை ஒருநாள் என் கையால் வரைய வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. கடைசியில் நான் வரைந்ததெல்லாம் தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களுக்கு பிளான்.

பிறகு அவர் படம் மாறியது. முதலில் கூட்டம் குறைந்தது. அப்புறம் படிக்கட்டைக் காணோம், ஜன்னலைக் காணோம். போகப் போக, நடுவில் கண்டக்டர் தலை, சுற்றிலும் வெள்ளைத்தாள் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொத்தேரியில் ஒரு டீக்கடையில் கூடுவோம். ஒருவர் அச்சரப்பாக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவன் பொத்தேரியிலேயே ஒரு ஹாஸ்டலில் வார்டன். பத்திரிகையை மேஜையில் விரித்து அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிடுவோம்.

"இன்னா மச்சான் இது, பஸ்ஸா கக்கூஸா?" என்பான் வார்டன்.

"பேரு வந்துடுச்சில்ல, இனிமே பெருசு எதுக்குக் கையை நோவடிச்சிக்கும்?" என்பார் வாத்தியார்.

இந்த அயோக்கியத்தனத்தில் என் பங்குதான் பெரியது. எந்த வாரம் எது காணாமல் போகிறதோ, அதற்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயார் செய்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். 'பின்படிக்கட்டு அவர்கள் இவ்வாரம் இயற்கை எய்தினார். இப்படிக்கு, தொங்குவோர் சங்கம்.' நடுவில், காணாமல் போன படிக்கட்டை நானே வரைந்து மாலை போட்டிருப்பேன். ஜன்னலுக்குப் போட்டேன். விசிலுக்குப் போட்டேன். சிரித்துச் சிரித்துச் செத்தோம் என்று நாலு ஊரிலிருந்து பதில் வரும். அதைப் படிக்கப் படிக்க எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அவர் வீட்டுக்கே போகலாம் என்ற யோசனை வார்டனுடையது. அவருடைய இப்போதைய பாணியில் நான் ஒரு பக்கம் போலியாக வரைய வேண்டும். தன்னுடையது என்று நம்பி அவர் அதில் கையெழுத்துப் போடுவதை அவன் வீடியோ எடுப்பான். நானும் வரைந்தேன். எல்லாக் கட்டத்திலும் வெறும் தலை. கடைசிக் கட்டத்தில் மட்டும் கை கேட்கவில்லை. பின்படிக்கட்டையும், அதில் தொங்குகிறவனையும், வார் அறுந்த செருப்பையும் போட்டுவிட்டேன்.

"மாட்டிப்ப பாரு" என்றார் வாத்தியார்.

சதுரங்கப்பட்டினத்தில், பழைய கோட்டைக்குப் பின்னால் அவர் வீடு. படம் வரைபவர் தாளை வாங்கி, கோழி பார்ப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்டனின் போன் சட்டைப்பையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்துது?"

"போன மாசம் வந்த உங்க பக்கம்தான் சார்" என்று வாத்தியார் கூசாமல் சொன்னார்.

"செருப்பு வாரு அறுந்துகீது" என்று சொல்லிச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். தாளை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் இன்னா ஆவும், நைனா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. "நீங்கதானே சார் சொல்லணும்!"

"இவன் செருப்பு வுழுந்துடும்ல? அப்பால இன்னா ஆவும்? யோசிச்சிட்டு வந்து சொல்லு."

கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் சிரித்தோம். "தன் கதையே தெரியல மச்சான், உன்னாண்ட கேக்குது!" என்று வார்டன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. அவர் கைக்கும் என் கைக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் குக்கர் விளம்பரம். சித்திரக்கதை முடிந்தது என்று மூலையில் ஒரு வரி. "போஸ்டர் எங்கடா?" என்று வார்டன் நச்சரித்தான். போட்டேன். முழு பஸ்ஸையும் வரைந்து, பெரிய மாலையாக.

மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்தது. 'போஸ்டர் நல்லாகீது. வூட்டுக்கு வா.'

தனியாகத்தான் போனேன். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று போனேன். அவர் மேஜையில் என் போஸ்டர்கள் எல்லாம் அச்செடுத்து அடுக்கியிருந்தன.

"அக்கா மவன் அனுப்புவான். ஒண்ணு வுடாம வெச்சிகிறேன்" என்றார். "கண்ணுல பிரஷர் நைனா. நடுவுலதான் தெரியுது. ஓரமெல்லாம் இருட்டு. எது வுட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியாது. உன் போஸ்டர பாத்தாத்தான், ஓகோ, படிக்கட்டு போச்சா, ஜன்னலு போச்சான்னு தெரியும். அத்த போட்டா வேற ஒண்ணு வுட்டுப்பூடும்."

நான் அடுக்கியிருந்த போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"அன்னிக்கு அந்தச் செருப்பப் பாத்தவுடனே தெரிஞ்சிபோச்சு, இது போஸ்டர் போடற கைதான்னு. உன் நெகத்துலகூட மசி இருந்துது. ஓரத்தப் போட ஒரு ஆளு கெடச்சிட்டான், இனிமே ரெண்டு பேரும் சேந்து போடறோம்னு அன்னிக்கு சாயங்காலமே பத்திரிகைக்குப் போன் பண்ணேன். சரின்னாங்க. நீ வருவேன்னு பாத்துகினு இருந்தேன். வீடியோதான் வந்துது. சொந்தப் படமே தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா பக்கம்னுட்டாங்க."

திட்டியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வெட்கங்கெட்ட என் வாயிலிருந்து வந்தது வேறு: "செருப்பு விழுந்த பிறகு என்ன ஆகும்னு யோசிச்சு வெச்சிருக்கேன், சார்."

"சொல்லு."

சொன்னேன். கண்டக்டர் விசில் அடிக்கிறான். பஸ் நிற்கிறது. ஒற்றைச் செருப்பைத் தேட மொத்தக் கூட்டமும் இறங்குகிறது. கூடைக்காரம்மா கூடையை கண்டக்டர் தலையில் வைத்துவிட்டு இறங்குகிறாள். செருப்பு கிடைக்கிறது. திரும்பிப் பார்த்தால் டிரைவர் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், கூடைக்காரம்மா இறங்கிய இடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

"நல்லாகீது நைனா" என்றார். "ஆனா இன்னா பண்றது? அடுத்த வாரமே இல்லியே."