பிளஷர் காரும் என் நாலு வளையலும்

என் வீட்டுக்காரர் திவாலாகப்போகிறார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாகூர் கடைத்தெருவில் புளி வாங்கப் போயிருந்தேன். மாசக் கடைசியில் மொத்தமாகக் காசு வாங்கிக்கொள்கிற கடைக்காரர், அன்றைக்குப் புளியை நிறுத்த கையோடு, "காசு இப்பவே குடுத்துடும்மா" என்றார். சுருக்கென்றது. புளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நேரே அவர் முன்னால் போய் நின்றேன். மனுஷன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மல்லாட்டை வியாபாரம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். குடியானவர்களிடம் வாங்கி, புதுச்சேரியில் கப்பலேற்றுகிற வெள்ளைக்காரர்களுக்குக் கொடுப்பார். நாலு காசு புரண்ட வருஷத்தில், ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல், தவணைக் கடனில் ஒரு பிளஷர் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கன்னங்கரேலென்று இருந்தது. மேலே மடக்குகிற கூரை. பக்கத்தில் இருந்த ரப்பர் பந்தை அமுக்கினால் எருமைக்கன்று மாதிரிக் கத்தும். தெருவே கூடிப் பார்த்தது. அடுத்த பருவத்தில் கடலை விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. கப்பல்காரர்கள் கையை விரித்தார்கள். கிட்டங்கியில் மூட்டைகள் புழுத்தன, காரில் மட்டும் ஒரு தூசி கிடையாது.

கோர்ட்டில் மஞ்சக்கடுதாசி கொடுப்பது என்று முடிவாயிற்று. புதுச்சேரி வக்கீல் சொன்னதை அவரே என்னிடம் விளக்கினார். பத்திரம் வைத்திருக்கிற கடன்காரர்களுக்கு, இருக்கிற சொத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். கார் மட்டும் தனிக்கதை. கடைசித் தவணை கட்டுகிறவரை அது கம்பெனிக்காரன் சொத்து. வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். வேண்டுமென்றால், நின்றுபோன தவணைகளை உடனே கட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம். மனுப் போடுவதற்குள் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

"குடுத்துத் தொலைங்க" என்றேன்.

"அது மட்டும் ஆவாது" என்றார். சொல்லிக்கொண்டே அவர் பார்வை என் கையில் இருந்த வளையல்களுக்குப் போயிற்று.

நாலு வளையல். எங்கப்பா போட்டது. என் பெயருக்கு வந்த சீர், கோர்ட்டு அதைத் தொடாது என்று வக்கீலே சொல்லியிருந்தாராம். அதனால் இவர் தொடலாம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். அன்று சாயங்காலம் வரை எங்கள் வீட்டில் வேறு யாரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தாள்.

ஏரிக்குக் கிழக்கே ஒரு துண்டுப் புஞ்சைக் கொல்லை வைத்துக்கொண்டு, ஒரு ஜோடி மாட்டையும் வண்டியையும் தானே ஓட்டிப் பிழைக்கிற பெண்பிள்ளை. புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. போன பருவத்துக் கடலை மொத்தத்தையும் எங்களுக்குத்தான் போட்டிருந்தாள், காசு வரவில்லை. ஆடி வந்தால் விதைக்கணும். விதைக்கடலை வாங்க அவளிடம் தம்பிடி இல்லை. விதைக்காவிட்டால் அந்த வருஷம் அவள் உலையில் ஒன்றும் இல்லை. பத்திரமும் இல்லாததால் கோர்ட்டில் அவள் பேரே வராது.

ஏன் பத்திரம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நாலு பேர் நின்றாலும் விலை என்னவென்று தெரியாது, வெளியில் சொல்லவும் கூடாது. பெண்பிள்ளை கடலை கொண்டுவந்தால் இவர் எப்படி விரலைப் பிடிப்பார்? என்னைக் கூப்பிடுவார். நான் முந்தானையை விரித்துப் போட்டு அதற்கடியில் பேசுவேன். படிந்ததும் விரலை ஒரு அழுத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் காகிதம் கேட்டால் அவமானம்.

வந்தவள் என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி, காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இவர் பதறிப்போய், "யம்மா, இன்னா இது? எறங்கு" என்றார்.

"எம் மல்லாட்ட இதுலதான் இருக்குது மொதலாளி. நான் எங்க எறங்குறது?"

"ஒங்கிட்ட காயிதம் எதுனா இருக்குதா?"

"காயிதம் இல்ல. இந்தா நிக்குதே ஒம் பொண்டாட்டி, அது வெரலு இருக்குது" என்றாள்.

நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

விடிந்தால் வருவாள், பொழுது சாய்ந்தால் போவாள். கடன்காரி வாசலில் பசியோடு இருக்கும்போது உள்ளே நாம் வாயில் கவளம் வைக்க முடியுமா? கூழைக் கரைத்துக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தொட்டுக்க வெங்காயம் கேட்டாள். ஒருநாள் இவர் வக்கீலைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, அவள் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். முன்னால் இவர், பின்னால் மகாராணி மாதிரி அவள். அரியாங்குப்பத்துப் பாலத்தில் போலீஸ்காரன் அவளுக்குச் சலாம் வைத்தானாம். வக்கீல் வீட்டுக் குமாஸ்தா ஓடிவந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, இவரைப் பார்த்து, "டிரைவர், வண்டிய நெழல்ல போடு" என்றானாம். திரும்பி வந்து இதை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் வயிற்றுப் பிள்ளை உதைத்தது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அன்றைக்குத்தான் கிணற்றடியில் பிடித்துக்கொண்டேன். "இந்தத் தகரத்து மேல ஒங்களுக்கு இன்னா அப்படி மோகம்? ஜம்பமா?"

கால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஜம்பமா? மொதப் புள்ளய எங்க உட்டோம்? மாட்டு வண்டிலதான? பெரியாஸ்பத்திரிக்குப் போற வழி பூரா நீ கத்துன. மாட்ட அடிக்கிறேன், அது நடக்குது. இன்னமும் அடிக்கிறேன், அப்பவும் நடக்குது. இந்தப் புள்ளயும் அப்பிடிப் போயிடக் கூடாதுமே. அதான்."

அந்தக் குழந்தையைப் பற்றி அதுநாள்வரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, அதற்காகவே பல நாள் அவரை வெறுத்திருக்கிறேன். கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவர் சொம்பில் தண்ணீர் மொண்டு என் பக்கத்தில் வைத்தார்.

"வெரலும் ஒன்னுது, வளையலும் ஒன்னுது. நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நானே சொல்லு என்றால்? வளையலைக் காருக்குக் கொடுத்தால் என் பிள்ளைக்கு ஒரு வழி. அந்த அம்மாவுக்குக் கொடுத்தால் அவள் கொல்லைக்கு விதை. இரண்டுக்கும் காணாது. பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சோற்றைப் பிசையக் கையை வைத்தால், அவள் விரலை அழுத்திய அதே விரல்தான் கண்ணில் பட்டது.

காலையில் கை வீங்கியிருந்தது. சீயக்காயைக் குழைத்துத் தடவி, நாலு வளையலையும் கழற்றிக்கொண்டு போனேன். அவள் காரில் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் போட்டேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு என் முந்தானையை இழுத்து எங்கள் கைகளின் மேல் போட்டு, மூன்று விரலை மட்டும் பிடித்து அழுத்தினாள். மூன்று வளையலை முடிந்துகொண்டு, ஒன்றை என் கையிலேயே திரும்ப மாட்டினாள்.

"காரு?" என்றார் வாசற்படியில் நின்றிருந்தவர்.

"குடுத்துடுங்க."

"சரி" என்றார். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்க மூன்று பேருமாகவே போனோம். அந்தக் காரில் நான் போன ஒரே தடவை அதுதான். ரப்பர் பந்தை வழி நெடுக அமுக்கிக்கொண்டே வந்தேன், அவரும் தடுக்கவில்லை. கம்பெனிக் கொட்டகையில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மூன்று பேரும் நடுத்தெருவில் நிற்கிறோம். வளையலைக் காசாக்கிய கையோடு அந்த அம்மாதான் எங்களுக்கும் சேர்த்து பஸ் சீட்டு வாங்கினாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்ணைத் துடைக்கிறார் என்று தெரிந்தது. மாட்டு வண்டியில் போன முதல் பிள்ளையைப் பற்றி அவள் காதில் சொன்னேன்.

அவள் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "தங்கச்சிக்கு நோவு கண்டா ஆள் அனுப்பு மொதலாளி. எம் மாடு நடக்குற மாடு இல்ல, ஓடுற மாடு."

ஐப்பசியில் அவள் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு நடுமத்தியானம் எனக்கு நோவு கண்டது. ஆள் போனான். பிடுங்கின செடியை அப்படியே போட்டுவிட்டு, மண் கையோடு வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இவர் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, பாயைப் போட்டு, நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, "வா வா" என்று தெருவில் நின்று கத்துகிறார். நான் எழுந்து வாசல்வரைகூட வரவில்லை. காருக்கும் காத்திராமல் மாட்டுக்கும் காத்திராமல், என் மகள் கூடத்திலேயே பிறந்து வீல் என்று கத்தினாள்.

அவர் உள்ளே ஓடிவந்தபோது, அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை விரித்துக் குழந்தையின் கையின் மேல் போட்டு, அதற்கடியில் என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

"இன்னா வெல பேசுற?" என்று கேட்டார் அவர், அழுதுகொண்டே.

"அத வெளிய சொல்லக் கூடாது மொதலாளி" என்றாள்.