அஞ்சலை அண்ணி பிடுங்கின செவப்புக் குச்சிங்க

எங்க அண்ணி அஞ்சலை யாரையும் லேசுல நம்பாது. கேஸ் சிலிண்டர் வந்தா, எறக்குனதை மறுபடி எடை போடச் சொல்லும். அண்ணிகிட்ட பால் வாங்குற அப்பார்ட்மென்ட் ஸ்வாதி மேடம், "பால் நல்லாருக்குக்கா"ன்னு சொல்லிட்டா போதும், "இன்னாத்துக்குப்பா இப்போ இத்த சொல்லுது?"ன்னு எங்கிட்ட வந்து கேக்கும். அண்ணன் போய்ச் சேந்து ஒம்போது வருசமாவுது. நாலு மாட்ட வெச்சுகினு பட்டாபிராம்ல தனியா காலந்தள்ளுற பொம்பள, எல்லாரையும் நம்பிகினு இருந்தா ஆவுமா? என் பேரு சம்பத்து. ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். அதுக்கு முந்தி மனை வித்துக் குடுக்குற புரோக்கர். அதையும் சொல்லித்தான் ஆவணும்.

எங்க தெருவுக்குப் பின்னாடி ஊரு மாடுங்க மேயுற மேய்க்கால் புறம்போக்கு. சவுடு மண்ணு எடுக்குறேன்னு குவாரிக்காரன் ஒருத்தன் குத்தகை வாங்கி, அஞ்சு வருசம் லாரி லாரியா அள்ளினான். மேல்மண்ணு மொத்தமும் போச்சு. தரை சிமென்ட் மாதிரி கீது. குத்தகை முடிஞ்சா மறுபடி மேல்மண்ணு பரப்பி, புல்லு வளர்த்துத் திருப்பித் தரணும், அதான் கண்டிஷன். அவன் ரோட்டோரமா ரெண்டு லோடு கொட்டிட்டு, "புல்லு வந்துடுச்சு"ன்னு கவருமென்டுக்கு எழுதிக் குடுத்துட்டான். அடப்பாவி! அண்ணி மாடுங்களுக்கு வேற மேய்ச்சலே கெடையாது. அந்த நெலம் திரும்பலேன்னா மாட்ட விக்க வேண்டியதுதான்.

அவன் எழுதினது நெசமான்னு பாக்க, ஆடி மாசம் கவருமென்டு அனுப்பி நிவேதிதான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. புல்லு, மண்ணு பத்திப் படிச்ச பொண்ணு. ஒரு கம்பிச் சட்டத்தைத் தரையில போட்டு, உள்ள எத்தினி கோரை, எத்தினி அருகம்புல்லுன்னு எண்ணும். மண்ணைத் தோண்டிப் பையில கட்டிக்கும். எண்ணின எடத்துல நாலு மூலையிலயும் முளைக்குச்சி அடிச்சு செவப்பு பெயின்ட் பூசும். அப்படி இருவது எடம்.

அண்ணி மாட்ட ஓட்டிகினே போயி, "இன்னாம்மா அளக்குற? யாரு அனுப்ச்சா?"ன்னுச்சு.

"மழைக்கு அப்புறம் இதே இடத்துல திரும்ப எண்ணுவேன்க்கா. புல் வரலைன்னா அவங்க மண் போட்டே ஆகணும். உங்க மாட்டுக்காகத்தான்."

"என் மாட்டுக்காகவா!" அண்ணி நேரா என் ஊட்டுக்கு வந்துச்சு. "ஏம்பா சம்பத்து, செவப்புக் குச்சி அடிச்சா இன்னா அர்த்தம்?"

ஆவடி, பருத்திப்பட்டு, எங்க போய்க் கேட்டாலும் அதுக்கு ஒரே அர்த்தம்தான். நானே எத்தினி அடிச்சிருப்பேன்! "பிளாட்டு போடுறாங்க அண்ணி, வேற இன்னா"ன்னுட்டேன். வாய வெச்சுகினு சும்மா இருந்தேனா நான்?

அன்னிக்கு சாயங்காலமே அண்ணி கடப்பாரையால நெம்பி எண்பது குச்சியையும் எடுத்துடுச்சு. குழி தெரியாம மண்ணைத் தள்ளி மூடிடுச்சு வேற. "சபாஷ் அண்ணி"ன்னு சிரிச்சேன்.

மார்கழில நிவேதிதா திரும்ப வந்துச்சு. போனைப் பாத்துகினே காடு மேடெல்லாம் சுத்துச்சு. போன் காட்டுற எடம் பத்தடி முன்னப்பின்ன ஆவுதாம். "அங்கங்க களை மொளைச்சிருக்கு. வேற இடத்துல எண்ணினா, மொட்டையா இருக்குற இடமாப் பாத்து எண்ணிட்டேன்னு குவாரிக்காரங்க சொல்லுவாங்க. இனிமே அவங்க குடுத்த ரிப்போர்ட்தான் நிக்கும்"னு சொல்லுச்சு.

"நான்தாம்மா பிடுங்கினேன்"னுச்சு அண்ணி. "இதே எடத்துல எண்ணணும்னு அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"சொன்னேனேக்கா. உங்க மாட்டுக்காகத்தான்னும் சொன்னேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பாத்துச்சு. திட்டியிருந்தா தேவலை. மாட்ட ஓட்டிகினு போயிடுச்சு.

பொங்கலுக்கு முந்தின வாரம் ரெண்டு மாட்ட வித்துடுச்சு. வெலை பேச என்னைக் கூப்பிடல.