அம்மா பார்த்த குறி

இன்று தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வாசனை என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

சீவலப்பேரியில் எங்கள் கடலைத் தோட்டத்தை முயல்கள் நாசம் செய்துகொண்டிருந்தன. பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்த அப்பா, லைசென்ஸ் எடுத்துச் சின்ன ரைபிள் ஒன்று வாங்கப் புறப்பட்டார்; அம்மாவும் நானும் கூடப் போனோம். துப்பாக்கிக் கடை அண்ணாச்சி, சுட்டுப் பார்த்தே எடுக்கட்டும் என்று இரண்டு துப்பாக்கிகளைத் தன் தோப்புக்குக் கொண்டுவந்தார். எண்ணெய் மணக்கும் அவற்றை மாற்றி மாற்றி அப்பா சுட்டார். தூரத்தில் நட்டிருந்த குறி அட்டையில் குண்டுகள் மூலைக்கொன்றாகச் சிதறின.

"ரெண்டுமே சரியில்ல அண்ணாச்சி."

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த அம்மா, "நான் ஒருக்க பாக்கட்டா?" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்து, கனம் குறைந்த துப்பாக்கியால் ஐந்து முறை சுட்டாள். ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். "அடேயப்பா!" என்ற அண்ணாச்சி, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று அப்பா கிளம்பிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் பைய கேட்டார்.

"குழல் நுனியில இருக்க குறி உனக்குத் தெளிவாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே. ஏங்க?"

"எனக்கு மசமசன்னு தெரியுது. பிள்ளைங்க நோட்டும் அப்படித்தான். ஆறு மாசமா யார்ட்டயும் சொல்லல."

அத்தனை பேர் இருந்த பஸ்ஸில் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகாமல், நேரே கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

கண்ணாடி வந்த பிறகு, அம்மா சுட்ட துப்பாக்கியையே அப்பா வாங்கினார். எத்தனை முயல் சுட்டார் என்பது எனக்கு நினைவில்லை. புதுக் கண்ணாடியைப் போட்டதும் அவர் வெகுநேரம் பார்த்தது அம்மாவின் முகத்தைத்தான்.