புங்கமரத்தடியில் ஸ்வீடன்

பீர்க்கன்கரணையை விட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். டீக்கடையில் வேலை போகவில்லை. ராத்திரி படுக்கிற பெஞ்சுதான் போனது. முதலாளியின் மச்சான் ஊரிலிருந்து வந்து அதில் காலை நீட்டிவிட்டார். படுக்க இடமில்லாத வேலை எனக்கு எதற்கு?

இருட்டுவதற்குள் ஓர் இடம் வேண்டும். இரும்புலியூரில் புதிதாக முளைத்த காலனி ஒன்றில் காலி மனை, நடுவே ஒரு புங்கமரம். காலனி சங்கத்தின் செயலாளர் எதிர்ப்பட்டார்.

“யாரைப் பார்க்கணும்?”

“யாரையும் இல்ல சார். ராத்திரி மரத்தடில படுத்துட்டு, விடிஞ்சதும் போயிடறேன்.”

“இன்னிக்குப் படுப்பே. நாளைக்குக் குடிசை போடுவே. கிளம்பு, கிளம்பு!”

நியாயம்தானே? என் தோளில் தொங்கிய ஒரே துணிப்பையைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது?

திரும்பினால்... ஒரு பெரிய வேன் வந்து அதே மரத்தடியில் நின்றது. ஸ்வீடனிலிருந்து தரைவழியாகவே ஓட்டி வந்த புருஷன் பெண்டாட்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை.

“இன்னா நைனா, வண்டிக்குள்ள வூடே கீது!” என்றார் ஒரு ரிக்‌ஷாக்காரர்.

நான் குடிசை போடுவேனாம். இவர்கள் கட்டி முடித்தே கொண்டுவந்திருந்தார்கள்!

செயலாளர் இங்கிலீஷில் விசாரித்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம் உருகினார்.

“அவங்க நாட்டுல காட்டோரம், ஏரிக்கரைன்னு எங்க வேணும்னாலும் ஒரு ராத்திரி தங்கலாமாம். காசே கிடையாதாம்! வீட்டுக்காரங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது, குப்பை போடக் கூடாது. அவ்வளவுதான். என்ன ஒரு பெருந்தன்மை! நம்ம ஜனங்களுக்கு எப்பத்தான் வருமோ?”

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வீடு இட்லி வந்தது, சட்னி வந்தது, ஃபில்டர் காபி வந்தது. வேனில் வந்தவர்கள் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஸ்வீடன்காரம்மா நாலு இட்லியை எடுத்து என்னிடம் நீட்டினாள். செயலாளருக்கு அப்போதுதான் என் ஞாபகம் வந்தது.

“ஏம்ப்பா, இன்னும் போகலியா? சரி, இங்கயே இருந்து வண்டியைப் பாத்துக்கோ. கண்டவனும் வந்து படுத்துடுவான்!”

ஆக, கண்டவனுக்கு மரத்தடி கிடைத்தது — காவலுக்கு.

காலையில் வேன் மகாபலிபுரம் பக்கம் போய்விட்டது. மரத்தடியில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. செயலாளர் சுற்றிப் பார்த்தார். பரம திருப்தி.

“நீயே வாட்ச்மேனா இருந்துடேன். மரத்தடில எவனும் தலை சாய்க்கக் கூடாது. அதான் வேலை.”

சேர்ந்துவிட்டேன். தங்க இடம் கிடைத்தது. தூங்கக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.