பூட்டுப் போடாத பத்து நாள்

எங்கள் நாகல் நகர்த் தெருவில் ஆகஸ்ட் கடைசியில் பத்து நாள் ஒரு வீட்டில் மட்டும் பூட்டுத் தொங்காது. என் பக்கத்து வீட்டு ஆனந்தமேரி அக்கா வீடுதான் அது. அவர் கணவர் சிலுவைமுத்து காவி கட்டிக்கொண்டு பங்குக் கோயில் ஆட்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போவார். எட்டு நாள் நடை, பிறகு கொடியேற்றம் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார்கள். மேரி அக்காவும் முன்பு நடந்தவர்தான். முழங்கால் போன பிறகு வீட்டில் உட்கார்ந்தே நடக்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

கேலி பாதிதான். விடியுமுன்னே போன் போட்டுக் கணவரை எழுப்புவார். சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்துவார். அன்றைக்குத் தங்கும் ஊரில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் பேசி, கால் ஊறவைக்க வெந்நீர் கேட்பார். கிழித்த காலண்டர் தாளின் பின்னால் ஊர்களை எழுதி, கடந்த ஊரை அடித்துக்கொண்டே வருவார். பிறகு ஒரு டம்ளர் அரிசி பொங்கித் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் கிடையாது. மணிமேகலை ஆகிய நான் தையல் மெஷினை விட்டு எழுந்து போனால்தான் அவருக்குப் பேச்சுத் துணை.

நடக்கப் போனவர் திரும்பும் வரை வீட்டைப் பூட்டக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், நடக்கிறவருக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. அவர்கள் குடும்ப வழக்கம் இது. முன்பொரு வருஷம் மேரி அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு நிலக்கோட்டையில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போனார். அன்றைக்கென்று நடந்துகொண்டிருந்த கொழுந்தனார் ராயப்பராஜை லாரி அடித்துவிட்டது. மாமியார் ஏசவில்லை. "வீடு பூட்டிக் கெடந்துச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

இந்த வருஷம் நாலாம் நாள் காலை தாடிக்கொம்பிலிருந்து போன் வந்தது. மேரி அக்காவின் உடன்பிறந்த மூத்தவர் லூர்தம்மாள் அங்கே வாதத்தில் விழுந்து ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அவருடைய மருமகள் நான்சி பேசினாள்.

"சித்தி, அத்தை நேத்துலருந்து உங்களத்தான் கேக்குறாக. செத்த நேரம் வந்துட்டுப் போங்க."

பிறகு போனை லூர்தம்மாள் காதில் வைத்தாள். அந்தப் பக்கமிருந்து "மேரி, வா" என்று குழறலாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"பஸ் ஏறுனா அரை மணி நேரம். நான் வீட்டுல இருக்கேன், போயிட்டு வாங்கக்கா" என்றேன்.

"நீ வீட்டு ஆளு இல்ல மேகலை."

சுருக்கென்றது. இருபது வருஷமாக அந்த வீட்டு அடுப்படி வரை போய்வருகிறவள் நான். கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் மனசு கேட்காமல் போனபோது, அவர் கணவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க எல்லாரும் நல்லாருக்கோம். எங்க இருக்கீங்க?"

"திருச்சியத் தொட்டாச்சு. காலெல்லாம் நல்லாருக்கு."

மேரி அக்கா காலண்டர் தாளை எடுத்துத் திருச்சியை அடித்தார். போனை வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பயமாக இருக்கிறது என்றார். போகாமல் இருக்கவும் பயம், போகவும் பயம்.

ஆறாம் நாள் லூர்தம்மாளுக்குப் பேச்சு நின்றுபோனது. அன்றும் சிலுவைமுத்து போனில் தஞ்சாவூர் என்றார், தாளில் தஞ்சாவூரும் அடிபட்டது. அதற்குப் பிறகு நாலு நாளும் மேரி அக்கா நாற்காலியை விட்டு எழுந்த நேரம் குறைவு. சாப்பிட்டாரா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

பத்தாம் நாள் காலை சிலுவைமுத்து வந்து இறங்கினார். அவர் குளிக்கப் போயிருந்தபோது, கூட நடந்த ஜெரோம் மாதா கோயில் எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுக்க வந்தான்.

"அண்ணனுக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருச்சாக்கா? மூணாம் நாளே மணப்பாறையில பஸ் ஏத்தி விட்டுட்டோமே. வீட்டுக்குப் போங்கண்ணேன்னோம், கேக்கல. வேளாங்கண்ணியில ரூம் போட்டு ஒத்தையில கெடந்திருக்காரு."

மணப்பாறையிலிருந்து திண்டுக்கல் ஒன்றரை மணி நேரம். அவர் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருந்தால், மறுநாள் அந்தப் போன் வந்தபோது மேரி அக்கா ஓடியிருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.  குளித்துவிட்டு வந்தவரின் காலைத்தான் மேரி அக்கா பார்த்தார். பாதத்தில் துணிக்கட்டு இருந்தது.

"நடை பாதியில நின்னுபோச்சுன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"நானும் அதுக்குத்தான் சொல்லல. எங்கக்காவுக்குப் பேச்சு நின்னு நாலு நாளாச்சு."

 மேரி அக்கா அலமாரியைத் திறந்து பூட்டை எடுத்தார்.

"வெளிய வாங்க. வீட்டப் பூட்டணும்."

தாடிக்கொம்புக்கு நானும் கூடப் போனேன். லூர்தம்மாள் சன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். மேரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். லூர்தம்மாளின் கண் தங்கை முகத்தில் நிற்கவில்லை, அவரைத் தாண்டி வாசலுக்கே போனது.

"நீங்க வருவீகன்னு பாத்துப் பாத்து, இப்பவும் வாசலத்தான் பாக்குறாக சித்தி. யாரு பக்கத்துல உக்காந்தாலும் தெரியல" என்றாள் நான்சி.

மேரி அக்கா கையை விட்டுவிட்டு எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வாசலுக்கு வெளியே போனார். செருப்பைக் கழற்றிப்போட்ட இடத்தில் திரும்பி நின்று, இப்போதுதான் ஊரிலிருந்து வருகிறவர் போல நிலைப்படியில் ஏறினார்.

"அக்கா, நான் வந்துட்டேன்" என்றார்.